அடைக்கோழியும் பின்சக்கர மட்கார்டும்

என் கணவர் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திருவாரூருக்குத் திரும்பி வந்தபோது, மற்ற வீட்டுக்காரர்கள் கொண்டுவருவதைப் போல ஒரு பெரிய டிவி, இரண்டு கம்பளி, ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பேரீச்சம்பழம் மட்டும் வந்தது. அடுத்த மாதம் ஒரு குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்று, துருப்பிடித்த ஒரு இரும்புச் சட்டத்தையும் சில சாக்குமூட்டைகளையும் இறக்கிவிட்டுப் போனது.

"என்னங்க இது?"

"பைக்கு."

"பைக்கு எங்க?"

"இதாம்மா பைக்கு. சேத்துட்டா பைக்கு."

இங்கிலாந்தில் செய்ததாம். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போன காலத்து வண்டியாம். சாக்கை அவிழ்த்து ஒவ்வொரு சாமானாக எடுத்துத் துடைத்து எனக்குக் காட்டினார். எங்கள் கல்யாண போட்டோ எதிலும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கோபம் வந்தால் கத்த மாட்டேன், கேள்வி கேட்பேன். "இதுல எல்லாம் இருக்கா?" என்று கேட்டேன். "முக்காவாசி இருக்கு," என்றார் பெருமையாக. மீதிக் கால்வாசியைத் தேடி அலைந்த கதைதான் இது.

எதற்கு இந்த வண்டி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். "உன்னைப் பின்னாடி ஒக்கார வச்சு நாகப்பட்டினம் கடக்கரைக்குப் போவணும்." அதற்கு என் ஸ்கூட்டர் போதாதா என்றேன். "அதுல நான்தான பின்னாடி ஒக்காந்திருக்கேன்?" என்றார். உண்மைதான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறியவர் அவர். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் நானே தனியாக ஓட்டிப் போய்ப் பழகிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன பயணமெல்லாம் திருச்சி ஏர்போர்ட்டுக்குத்தான். போகும்போது இரண்டு பேர், திரும்பும்போது நானும் டிரைவரும். அதனால் அந்தப் பதில் எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே, "மொதல்ல ஹால்ல கெடக்குற சாக்கை எடுங்க," என்றுதான் சொன்னேன்.

சாமான் வாங்குகிற விஷயத்தில் என் கணவர் சுத்த மோசம். ஆசையை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு கடைக்குள் நுழைவார். தஞ்சாவூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், குப்பைக்கு நடுவே கிடந்த ஒரு கிளட்ச் லீவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதேதான், இதத்தான் இத்தன நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்!" என்று கூவினார். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், அதைக் கேட்டதும் தராசை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். இவர் லீவரைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நின்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். இனிமேல் சாமான் வாங்கும் இடத்தில் பேசுவது நான் மட்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது, எதையும் தடவக் கூடாது. புடவைக் கடையில் பேரம் பேசிய அனுபவம் எனக்கு உண்டு. பிடித்த புடவையைக் கடைசிவரை பார்க்கக் கூடாது, பிடிக்காததை நாலு தடவை விரித்துப் பார்க்க வேண்டும். அதே முறையைத்தான் இரும்புக்கும் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, ஒரு செயின் கவரைத் திருப்பிப் பார்த்துப் பழக்கதோஷத்தில் "பார்டர் சின்னதா இருக்கே" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் ஒரு கணம் குழம்பிப் போய், விலையைக் குறைத்தார்.

நான் "வாங்க போவலாம், பால் வாங்கணும்" என்று சொன்னால் அவர் உடனே திரும்பி நடக்க வேண்டும், கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் தடவை நான் சொன்னதும் சொன்னபடி திரும்பி நடந்தார். கையில் சாமானோடேயே நடந்துவிட்டார். கடைக்காரர் கூப்பிட்டார்தான், ஆனால் வேறு தொனியில்.

இப்படிக் கொஞ்சம் உள்ளூரில், கொஞ்சம் இங்கிலாந்திலிருந்து கூரியரில் என்று சாமான் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு கொட்டைப்பாக்கு அளவு ரப்பர் புஷ், டிவி வருகிற அளவு பெட்டியில் வரும். இவர் பெட்டியைத் திறந்து, காகிதத்தையெல்லாம் கிளறி, புஷ்ஷைத் தேடுவதற்குள் ஒரு பொழுது போய்விடும். அந்த வண்டியின் நட்டுகளுக்கு இந்தக் காலத்து ஸ்பேனர் எதுவும் சேரவில்லை. கடைசியில் சேர்ந்தது, வயலில் பழைய வெள்ளைக்கார ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தவர்கள் வீட்டு ஸ்பேனர். அதனால் இவர் ஊர் ஊராகப் போய், "உங்க வீட்டுல பழைய பம்ப்செட்டு ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். என் ஸ்கூட்டரில், என் பின்னால் உட்கார்ந்து, சைலன்சரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வந்த கோலத்தைப் பார்த்து என் மாணவர்கள் நாகஸ்வரக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் வண்டி உயிர்பெற்றது. எதிர்வீட்டுக்காரர் நாங்கள் போர்செட் போட்டுவிட்டோம் என்று நினைத்து வாளியோடு வந்தார். எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. பின்சக்கர மட்கார்டு கிடைக்கவில்லை. மட்கார்டு என்றால் ஏதோ சேறு தடுக்கிற தகடு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வண்டியில் முன்சீட்டு வண்டிச் சட்டத்தில் இருக்கிறது. பின்சீட்டு மட்கார்டின்மேல்தான் உட்காருகிறது. மட்கார்டு இல்லையென்றால் பின்சீட்டு இல்லை. பின்சீட்டு இல்லையென்றால் நான் இல்லை.

இவர் அசரவில்லை. சக்கரத்துக்குமேல் ஒரு கேரியரை முடுக்கி, அதில் ஒரு பலகையைக் கட்டி, பலகைமேல் என் சோபா திண்டை வைத்தார். மன்னார்குடியில் ஒரு கல்யாணம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினேன். முந்தின நாள்தான் நல்ல மழை. சக்கரத்துக்கும் எனக்கும் நடுவே ஒன்றுமில்லை. மண்டபத்து வாசலில் இறங்கியபோது, இடுப்பிலிருந்து கொண்டை வரைக்கும் என் முதுகில் ஒரே நேர்கோடாகச் சேறு. காவிரி வண்டல் என்று பாடத்தில் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு என் முதுகில் நாற்றே நட்டிருக்கலாம். வரவேற்பில் நின்ற பெண், சந்தனம் கொடுப்பதற்கு முன்னால் எனக்குத் துண்டு கொடுத்தாள்.

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "மட்கார்டு வராம இந்த வண்டில ஏறினா என்னை ஏன்னு கேளுங்க."

 "நீ ஏறாத வண்டிய நானும் எடுக்கல," என்றார் அவர்.

அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த வண்டியை ஹாலில் நிறுத்தி, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டார். எனக்குக் கோபம் மறுநாளே போய்விட்டது. பாவமாக இருந்தது. ஆனால் ஊர் பார்க்கச் சொன்ன சொல்லை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? அவரோ தினமும் சாயங்காலம் பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவார். வண்டியை அடைகாத்துக்கொண்டிருந்தார்.

டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறையில் ஒரு மட்கார்டு செய்து பார்த்தோம். நல்ல உறுதி. வண்டியைவிடக் கனமாக இருந்தது. இங்கிலாந்துக் கடைக்காரருக்கு எழுதினோம். அந்த மாடலுக்குப் பின்மட்கார்டு அவரிடம் இல்லை, அவரும் தேடிக்கொண்டிருக்கிறார், எங்களுக்கு இரண்டாகக் கிடைத்தால் ஒன்றை அவருக்கு அனுப்பும்படி எழுதியிருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் ஆண்களிடம், "மட்கார்டு இருக்கா?" என்று. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் எந்தச் சாமானும் சும்மா கிடக்காது, அதற்கு ஒரு வேலை கொடுத்திருப்போம். பிஸ்டன் பேப்பர் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கும், செயின் மாட்டைக் கட்டியிருக்கும். வேலைக்குப் போன சாமானை அதன் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்குத் தெரியும்? எங்கள் ஆசிரியர் அறையில், சாப்பாட்டு நேரத்தில், பெண்களிடம் வேறு மாதிரிக் கேட்டேன். "இவ்வளவு நீளம், தொட்டில் மாதிரி வளைஞ்சு, ரெண்டு பக்கமும் ஆழமா தகடு எறங்கியிருக்கும். உங்க ஊர்ல யாராவது அதுல எதையாவது போட்டு வச்சிருக்காங்களா?"

தமிழ் டீச்சர் தயிர்சாதத்தை மென்றபடியே சொன்னார்: "எங்க சித்தி வீட்டுல கோழி அடைக்கு வைக்கிறது அந்த மாதிரி ஒண்ணுலதான்."

சித்தி வீடு கீழ்வேளூர்ப் பக்கம், வாய்க்காலை ஒட்டி. அந்தச் சித்தி எனக்குக் கொஞ்சம்தான் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். காப்பி கொடுத்துவிட்டுக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். விறகுக் கொட்டகையில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே, மல்லாக்கப் போட்ட ஒரு மட்கார்டு. அதில் நிறைய வைக்கோல். வைக்கோல்மேல் ஒரு சிவப்புக் கோழி, சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி. நான் அதை உற்றுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இவர் என் முழங்கையைப் பிடித்த பிடியிலேயே அதுதான் என்று தெரிந்துவிட்டது. பேசக் கூடாது என்ற சட்டம் நினைவிருக்கிறதா என்று அவரைப் பார்த்தேன்.

"கோழி... நல்ல கோழிங்க," என்றார், கோழிக்குக் கீழேயே பார்த்தபடி.

"கோழியப் பாக்கவா சார் திருவாரூர்லேருந்து வந்தீங்க?" என்றார் அக்கா. விவரமான அக்கா.

நான் வேலையை ஆரம்பித்தேன். "துருப்பிடிச்சிருக்கே அக்கா."

"கோழி ஒண்ணும் சொல்லலையே டீச்சர்."

"ஓரத்துல நசுங்கியிருக்கே."

"அதுலதான் அது மூக்கை வச்சுக்கும்."

எனக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டார் என்று புரிந்தது. அவருடைய மாமனார் ஓட்டிய வண்டியின் மட்கார்டு அது. கடகடவென்று சத்தம் போடுகிறது என்று அவர் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு வண்டியை விற்றுவிட்டாராம். அன்றிலிருந்து இந்த வீட்டுக் கோழிகள் எல்லாம் அதில்தான் பொரித்திருக்கின்றன. "இதுல வச்சா ஒரு முட்டகூடக் கூமுட்டையாப் போனதில்ல டீச்சர்," என்றார். என் கணவர் கண்கலங்கிவிட்டார். அதைப் பார்த்த அக்கா மனமிரங்கி, தரலாம் என்றார். ஆனால் கோழியை இப்போது இறக்க முடியாது, குஞ்சு பொரித்த பிறகுதான்.

"வச்சு ஒரு வாரந்தான் ஆவுது. இன்னும் ரெண்டு வாரம் போவணும்."

விரல் விட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமை வந்தது.

"வெள்ளிக்கெழமையா? வெள்ளிக்கெழம வீட்டு இரும்ப வெளிய விடமாட்டோமே," என்றார் அக்கா.

என் கண் தன்னால் சுவரில் மாட்டியிருந்த சிலுவைப் பக்கம் போய்விட்டது. அக்கா அதைக் கவனித்துவிட்டார். "நாங்க வேதக்காரவங்கதான் டீச்சர். அதுக்காக வெள்ளிக்கெழம இரும்ப விட்டுட்டு அப்பறம் கஷ்டப்படுறது யாரு?"

எனக்கு அது முழுக்கப் புரிந்தது. ஏனென்றால் நான் சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டேன். சனி பகவானுக்கு உகந்த உலோகம், அன்றைக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அவரும் கூடவே வந்துவிடுவார். இயக்க விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சனிக்கிழமை ஒரு குண்டூசி வாங்க மாட்டேன். இரண்டும் என் தலைக்குள் தனித்தனிக் குடித்தனம், ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கோயில், அன்றைக்கு அவர் எதையும் விற்பதில்லை. ஆக, திங்கட்கிழமை என்று முடிவானது.

"கப்பல்ல வர்ற சாமானே இதவிட சீக்கிரம் வந்துடும்," என்று முணுமுணுத்தார் இவர்.

ஆனால் அந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறிப் போய்க் கோழியைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். போகும்போது நொய்யும் கம்பும் ஒரு பையில் எடுத்துப் போவார். திரும்பி வந்து, "இன்னிக்கு நல்லாச் சாப்பிட்டுது," என்பார். "இன்னிக்கு கொஞ்சம் சோர்வா இருக்கு," என்பார். எனக்கு டெங்கு வந்தபோது போனில் விசாரித்ததைவிட இது அக்கறையாக இருந்தது. அவர் கோழிப்பண்ணை வைக்கப் போகிறார் என்று தெருவில் பேச்சு கிளம்பி, ஒருவர் தீவனம் விற்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பழைய வண்டிப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஆசையை அடக்க முடியாமல் கோழியைப் படம் எடுத்து, 'இன்னும் ஒரு வாரம்' என்று எழுதி அதில் போட்டுவிட்டார். பாதிப் பேர் வாழ்த்துச் சொன்னார்கள். யாருக்குப் பிரசவம் என்று ஒருவர் கேட்டார். ஒரே ஒருவர் மட்டும் கோழியைப் பார்க்காமல் கோழிக்குக் கீழே பார்த்திருக்கிறார். வெளியூரில் ஷெட் நிறையப் பழைய வண்டி வைத்திருக்கும் பணக்காரர். தனியாகப் போன் போட்டு, கோழி எந்த ரகம், எந்த ஊர் என்று இனிக்க இனிக்க விசாரித்திருக்கிறார். இவரும் கீழ்வேளூரில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறார்.

"கூமுட்டை," என்றேன். 

வினை சனிக்கிழமையில்தான் வந்தது. காலையில் அக்கா போன் செய்தார். "டீச்சர், கார்ல ஒருத்தரு வந்திருக்காரு. ஒடனே வாங்க." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தோம்.

கொட்டகை வாசலில் அந்தப் பணக்காரர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றார். கையில் புது பிளாஸ்டிக் கூடை, அதற்குள் மெத்தை. கோழியைத் தூக்கி அதில் வைத்துவிட்டு மட்கார்டை எடுத்துப் போவதாகத் திட்டம். கட்டைவிரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. கோழியிடம் ஏற்கெனவே ஒரு தடவை பேசிப் பார்த்திருக்கிறார்.

அக்கா தர்மசங்கடமாக நின்றார். "மொதல்ல கேட்டது நீங்க, அதனால உங்களக் கூப்பிட்டேன். நீங்க திங்கக்கெழமங்குறீங்க, இவரு இப்பவே எடுத்துக்கிறேன்னு நிக்கிறாரு. வெலயும் கூடச் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால நிக்க முடியாது டீச்சர். இப்ப எடுத்துக்கிறதா இருந்தா உங்களுக்குத்தான் தருவேன். முடிவு சொல்லுங்க."

 சனிக்கிழமை. அதுவும் ஊசி ஆணி இல்லை, முழு மட்கார்டு. அதை வைத்துக்கொண்டு அந்த வண்டியில் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். நான் இவரைப் பார்த்தேன். அவர் மட்கார்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா," என்றார் மெதுவாக. "சனிக்கெழம. விடு."

 லீவு கிடைக்கல, விடு. தீபாவளிக்கு வரமுடியாது, விடு. இந்த வருஷமும் முடியல, விடு. இந்த 'விடு'வை எத்தனை வருஷம் கேட்டாயிற்று! இனி ஒரு தடவை கேட்பதில்லை என்று அந்தக் கொல்லையில் நின்றபடி முடிவு செய்தேன்.

"அக்கா," என்றேன், "கோழி என்ன வெல?"

 கோழி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. அக்காவின் வாயோரத்தில் சிரிப்பு மெல்ல வந்தது.

"கோழி மட்டுமா டீச்சர்?"

"கோழி, முட்டை, கூடு எல்லாந்தான். அடைக்கோழிய கூட்டோடதான வாங்கணும்?"

"பின்ன? பிரிச்சா பாவமுல்ல."

"கூட்டுக்குத் தனி வெல உண்டா?"

"கூட்டுக்குப் போயி யாராவது வெல சொல்லுவாங்களா?"

பணக்காரர் பதறிப்போனார். "மேடம், அது கூடு இல்லீங்க, மட்கார்டு!"

"உங்களுக்கு மட்கார்டு சார்," என்றார் அக்கா. "அதுக்குக் கூடு. வேணும்னா அதையே கேட்டுப் பாருங்க." பணக்காரர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். கேட்கவில்லை.

நான் வாங்கியது கோழி. கோழிக்குக் கிழமை கிடையாது. உலகத்தில் எந்தக் கோழிக்கும் யாரும் கொடுத்திராத விலையை, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் கொடுத்தேன். சனி பகவானுக்கு ஏதாவது ஆட்சேபம் இருந்தால் அக்காவிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

அடைக்கோழியை வெளிச்சத்தில் இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடும் என்று அக்கா எச்சரித்தார். பொழுது சாய்கிற வரை காத்திருந்து, கோழிமேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த இவர் மடியில் மட்கார்டை வைத்தோம். இருபுறமும் அது ஹேண்டில்பாரைவிட நீட்டிக்கொண்டிருந்தது. சவ ஊர்வலம்கூட எங்களைத் தாண்டிப் போயிருக்கும். "மேடு வருது, மெதுவா... பள்ளம், பள்ளம்!" என்று காதருகில் சொல்லிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே அது?"

"மட்கார்டு."

"உள்ள?"

"கோழி."

"அப்ப வண்டி?"

"வீட்டுல இருக்கு. கோழி எறங்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கு."

அவர் கேட் திறந்ததும் கொஞ்சம் வேகமாகவே போய்விட்டார்.

கோழியை ஹாலில், பெட்ஷீட் போர்த்திய வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். டிவியை ஊமையாக்கிவிட்டுப் படம் மட்டும் பார்த்தோம். குக்கரைக் கொல்லையில் வைத்தேன், விசில் கோழியைப் பயமுறுத்திவிடுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் பொரிந்தன, ஒன்றே ஒன்று மட்டும் கூமுட்டை. "அத என் பேர்ல எழுதிக்க," என்றார் இவர். குஞ்சுகள் சைலன்சருக்குள் புகுந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கோழியோ இறங்குவதாக இல்லை. கடைசியில் என் துணி ஊறவைக்கும் டப்பைக் கொடுத்து அதைச் சமாதானம் செய்தோம். அந்த டப் இன்னும் என்னிடம் திரும்பவில்லை.

மட்கார்டைச் சுரண்டிக் கழுவினார். பல தலைமுறைக் கோழி எச்சத்துக்கு அடியில் பழைய பச்சை பெயிண்ட் அப்படியே இருந்தது. துளையோடு துளை சேர்ந்தது. அதன்மேல் பின்சீட்டை முடுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, "ம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்தேன். நாகப்பட்டினம் ரோடு. ஹேண்டிலைப் பிடித்தே பழகிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சேலையைப் பிடித்தேன், சீட்டைப் பிடித்தேன், பிறகு அவர் சட்டையைப் பிடித்தேன். எதிரே ரோடு தெரியவில்லை, அவர் முதுகுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முதுகை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் சம்பா பச்சை. வண்டிச் சத்தத்தில் வாய்க்காலோரக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

"இருக்கியா?" என்று முன்னாலிருந்து கத்தினார்.

"இருக்கேன்!"

கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி, "இருக்கியா?"

"இருக்கேங்க!"

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. அவர் போன் பேசிய காலமெல்லாம் இப்படித்தான். லைன் எப்போது அறுந்து போகுமென்று தெரியாது, அதனால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அங்கிருந்து "இருக்கியா?" என்பார், நான் இங்கிருந்து "இருக்கேன்" என்பேன். நாங்கள் பேசியது பாதி, இது பாதி. சில நாள் இது மட்டும்தான்.

கீழ்வேளூர் தாண்டியதும் மறுபடி, "இருக்கியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

அவர் பயந்துபோய் வண்டியை ரோட்டோரத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "ஏன் பதில் சொல்லல?"

"முதுகுல சாஞ்சுக்கிட்டுத்தான இருக்கேன்? தெரியலையா?"

"தெரியுது," என்றார். "இருந்தாலும் சொல்லு."

சொன்னேன்.